"நாளுக்கு ஒரு நாடு": ஐரோப்பியச் சுற்றுலா விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

2025ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் தேதி பாரிஸில் இறங்கியது முதல் 11 நாட்கள் எங்களை ஐரோப்பாவில் அழைத்துச் சென்ற சுற்றுலா நிறுவனத்தின் நிர்வாகத்தினருக்கு,

வரும் கோடைக்கான உங்கள் விளம்பரத் தாள் போன வாரம் தபாலில் வந்தது. நாங்கள் போனது 11 நாளில் 9 நாடு. இப்போது அதே 11 நாளில் 11 நாடு. லக்சம்பர்க்கும் சான் மரினோவும் புதிதாகச் சேர்ந்திருக்கின்றன, நாள் ஒன்றுகூடச் சேரவில்லை. "நாளுக்கு ஒரு நாடு" என்று அட்டையில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். ஊர் திரும்பியதும் ஜூன் மாதத்தில் நான் உங்களுக்கு எழுதிய நான்கு பக்கக் கடிதத்துக்கு மூன்று வரியில் பதில் அனுப்பினீர்கள். பயண நிரலில் 'காண்போம்' என்று உள்ள இடங்கள் வெளியிலிருந்து காண்பதற்கானவை, 'நுழைவு' என்று உள்ள இடங்களுக்கே சீட்டு உண்டு, இது நிபந்தனைகளில் தெளிவாக உள்ளது என்பதுதான் அந்தப் பதில். அதையும் இந்தப் புதிய தாளையும் அருகருகே வைத்துப் படித்த பிறகு, இனித் தனிக் கடிதம் எழுதிப் பயனில்லை என்று தெரிந்துகொண்டு இதைப் பொதுவில் எழுதுகிறேன். உங்கள் பெயரை நான் குறிப்பிடப்போவதில்லை. நீங்கள் படித்தால் உங்களுக்குத் தெரியும்.

நான் 31 ஆண்டுகள் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். என் கணவர் வங்கியில் வேலை பார்த்தவர். தலைக்கு 3,40,000 ரூபாய் வீதம் நாங்கள் கட்டிய பணம் எங்கள் ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து எடுத்தது; இன்னொரு முறை இப்படி எடுக்க எங்களுக்கு வழியில்லை. எங்கே போனாலும் ஒரு சிறு நோட்டில் நேரத்தைக் குறித்து வைப்பது என் பழைய பழக்கம். பேருந்து எத்தனை மணிக்குக் கிளம்பியது, எங்கே எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை மணிக்கு எங்களைத் திரும்ப ஏறச் சொன்னார்கள் என்று 11 நாளும் எழுதியிருக்கிறேன். இந்த மடலில் நான் சொல்லும் நேரக்கணக்கு எல்லாம் அந்த நோட்டில் உள்ளவை.

மொத்தக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். பேருந்தில் உட்கார்ந்திருந்தது 52 மணி நேரம். பார்க்க வந்த இடங்களில், சாப்பாட்டுக்கும் கடைக்கும் போனது போக, தரையில் காலூன்றி நின்றது 26 மணி நேரம். ஜெர்மனியின் கொலோன் பேராலயத்துக்கு 25 நிமிடம் கொடுத்தீர்கள். 1248இல் அடிக்கல் நாட்டி, நடுவே ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் வேலை நின்றுபோய், 1880இல் முடிக்கப்பட்ட ஆலயம் அது; 157 மீட்டர் உயரக் கோபுரங்களை அண்ணாந்து பார்த்து முடிப்பதற்குள் எங்கள் டூர் மேனேஜர் கொடியைத் தூக்கிவிட்டார். பேருந்து நின்ற இடத்திலிருந்து போக 10 நிமிடம், திரும்பி வர 10 நிமிடம் இதில் சேராது என்று நீங்கள் சொல்லக்கூடும். சேரும், நோட்டில் அப்படித்தான் இருக்கிறது. அதே பயணத்தில் சுவிட்சர்லாந்தின் லூசர்ன் நகரத்தில் கைக்கடிகாரங்கள் விற்கும் கடை ஒன்றில் எங்களை 1 மணி 50 நிமிடம் விட்டிருந்தீர்கள். 1993இல் தீப்பிடித்து எரிந்து மறு ஆண்டே மீண்டும் கட்டப்பட்ட கப்பெல் மரப்பாலம் அந்தக் கடையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்தது. அதைக் கால் மணி நேரத்தில் பார்த்துவிட்டு ஓடி வந்தோம்.

நாடுகளின் எண்ணிக்கை எப்படி வந்தது என்பதையும் பார்த்துவிடலாம். 9 நாட்டில் ஒன்று லீக்டன்ஸ்டைன். 160 சதுர கிலோமீட்டர் உள்ள அந்த நாட்டின் தலைநகரான வாடூஸில் நாங்கள் இருந்தது 35 நிமிடம். அதில் பாதி, பாஸ்போர்ட்டில் நினைவு முத்திரை வாங்கும் வரிசையில் போனது. இன்னொன்று வாடிகன். அரை சதுர கிலோமீட்டருக்கும் குறைவான அந்த நாட்டை நாங்கள் பார்த்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் பயணத்தின் கடைசி நாள் ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை. வாடிகன் அருங்காட்சியகங்கள், மாதத்தின் கடைசி ஞாயிறு நீங்கலாக, ஞாயிற்றுக்கிழமைகளில் மூடியிருக்கும். சிஸ்டைன் சிற்றாலயத்துக்குப் போகும் வழியும் அவற்றின் உள்ளேதான் இருக்கிறது. இது ரகசியமில்லை, ரோம் போகிற எவரும் முதலில் பார்க்கிற செய்தி. போதாததற்கு 2025 கத்தோலிக்கர்களுக்கு ஜூபிலி ஆண்டு, யாத்ரீகர்கள் ரோமில் திரளும் ஆண்டு. அன்று காலை புனித பேதுரு சதுக்கத்தில் திருப்பலி. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தெருவெல்லாம் மனிதத் தலைகள்; தடுப்புக் கம்பிகளுக்கு இப்பால் நின்று பேராலயத்தின் குவிமாடத்தைப் பார்த்தோம், படம் எடுத்தோம், திரும்பினோம். 1508 முதல் 1512 வரை மைக்கேலாஞ்சலோ ஓவியம் தீட்டிய அந்தச் சிற்றாலய விதானத்தைப் பற்றி வகுப்பில் 31 ஆண்டுகள் பேசியவள் நான். அந்தக் கட்டடத்தின் மதிலிலிருந்து சில நூறு அடி தூரத்தில் நின்றுகொண்டு, உள்ளே போக முடியாத நாளாகப் பார்த்து எங்களை அழைத்து வந்தவர்கள் யார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பயணத் தேதிகளை நீங்கள் அறிவித்தது அதற்கு ஆறு மாதம் முன்னால். நாட்காட்டி உங்கள் அலுவலகத்திலும் இருந்திருக்கும்.

ஆம்ஸ்டர்டாமைப் பற்றி எழுதும்போதுதான் எனக்கு உண்மையிலேயே மனம் வலிக்கிறது. உங்கள் நிரலில் நான்காம் நாள் "ஆன் ஃபிராங்க் இல்லத்தைக் காண்போம்" என்று இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் மற்ற நிறுவனங்களை விட்டு உங்களிடம் பணம் கட்டினேன். பிரின்சன்கிராஃக்ட் கால்வாயோரம் 263ஆம் எண் கட்டடத்தின் பின்பகுதியில் 1942 ஜூலை முதல் 1944 ஆகஸ்ட் 4 வரை நாஜிகளிடமிருந்து தப்ப எட்டுப் பேர் ஒளிந்திருந்தார்கள்; உயிரோடு திரும்பியவர், அங்கே நாட்குறிப்பு எழுதிய சிறுமி ஆனின் தந்தை ஒருவரே. உள்ளே போவதற்கான சீட்டு இணையத்தில் மட்டும், நாளும் நேரமும் குறித்து முன்கூட்டியே வாங்க வேண்டியது. வாசலில் போய் நின்று வாங்க முடியாது. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது; உங்களுக்கு முன்பே தெரியும்.

அன்று காலை கண்ணாடிக் கூரை போட்ட படகில் எங்களை ஏற்றினார்கள். ஏறி நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். டூர் மேனேஜர் எழுந்து நின்று, "வலது கைப் பக்கம் பாருங்க, ஆன் ஃபிராங்க் வீடு" என்றார். இடப்பக்கம் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து இந்தப் பக்கம் சாய, கண்ணாடியில் வெயில் பட்டுக் கூச, எனக்கு முன்னால் நான்கு செல்பேசிகள் உயர்ந்தன. அவற்றின் இடைவெளியில் கறுத்த ஜன்னல் சட்டங்களும், தெருமுனையில் வரிசையாக நின்ற சிலரின் முதுகும், அப்பால் வெஸ்டர்கெர்க் தேவாலயத்தின் கோபுரமும் தெரிந்தன. எதிரே வந்த இன்னொரு படகு நடுவில் புகுந்தது. அது விலகியபோது நாங்கள் அடுத்த பாலத்தின் அடியில் இருந்தோம். என் நோட்டில் அந்த இடத்துக்கு நேரம் எழுதவில்லை. எழுத ஒரு நிமிடம்கூட இல்லை.

கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்று சொல்கிற ஊர்க்காரி நான். கோயிலுக்குள் போக முடியாதவர்களுக்கு அந்த ஆறுதல் போதும்; ஆனால் கோபுரத்தைக் காட்டிவிட்டு அர்ச்சனைச் சீட்டுக்குப் பணம் வாங்குகிறவர் எங்கள் ஊரில் யாரும் இல்லை. 'ஓரியண்டேஷன் டூர்' என்றால் பேருந்தை விட்டு இறங்காமல் சுற்றி வருவது, 'ஃபோட்டோ ஸ்டாப்' என்றால் கால் மணி நேரத்துக்குள் இறங்கி ஏறுவது என்று உங்கள் தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும். வாங்குகிறவர்களுக்குத் தெரியாது. 'காண்போம்' என்ற நல்ல தமிழ்ச் சொல்லை அந்த இரண்டையும் மூடுகிற துணியாக ஆக்கியிருக்கிறீர்கள். ஃபுளோரன்ஸில் "மைக்கேலாஞ்சலோவின் டேவிட் சிலையைக் காண்போம்" என்று எழுதியிருந்தீர்கள். சிஞ்ஞோரியா சதுக்கத்தில் நிற்பது நகல், அசல் 1873 முதல் அக்காதெமியா கூடத்துக்குள் இருக்கிறது என்பதை உள்ளூர் வழிகாட்டிப் பெண்மணி நேர்மையாகச் சொன்னார். அவர் சொல்லியிருக்காவிட்டால் எங்கள் குழுவில் பாதிப் பேர் அசலைப் பார்த்ததாகவே இன்றும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். உங்கள் தாளின் அட்டையில் இருக்கும் துலிப் மலர்த் தோட்டமும் இப்படித்தான்: கூக்கன்ஹாஃப் பூங்கா மார்ச் நடுவில் திறந்து மே நடுவில் மூடிவிடும், நீங்கள் எங்களை அழைத்துப்போனது மே மாதக் கடைசியில்.

டூர் மேனேஜர் தம்பியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. 42 பேரின் பாஸ்போர்ட்டையும் மாத்திரையையும் மனவருத்தத்தையும் தனி ஆளாகச் சுமந்தார். ஓட்டுநரைப் பற்றியும் குறையில்லை. அந்தப் போலந்துக்காரர் ஒரு முறைகூட வேகத்தை மீறவில்லை. ஆனால் ஒவ்வோர் இடத்திலும் எங்களை விரட்டுவதற்குச் சொல்லப்பட்ட காரணம், "டிரைவர் அவர்ஸ் முடியப்போகுது" என்பது. அதைப் பற்றிப் படித்துப் பார்த்தேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 561/2006 எண் ஒழுங்குமுறைப்படி ஓட்டுநர் ஒரு நாளில் 9 மணி நேரமே ஓட்டலாம், வாரத்தில் இரு நாள் மட்டும் 10 மணி. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்த வேண்டும். நாள்தோறும் 11 மணி நேரம் தொடர்ச்சியாக ஓய்வு. சில நாட்களில் மட்டும் அதை 9 மணியாகக் குறைக்கலாம். அத்தனையும் பேருந்தில் உள்ள டாகோகிராஃப் கருவியில் பதிவாகும். நல்ல சட்டம், எங்கள் உயிரைக் காப்பதற்கான சட்டம். அந்தச் சட்டம் விளிம்பு வரை அனுமதிக்கும் நேரம் முழுவதையும் தூரத்துக்கே செலவிட்டு நிரலைப் போட்டுவிட்டு, மிச்சமில்லாமல் போன நேரத்துக்கு ஓட்டுநரைக் காரணம் காட்டுவது நியாயமில்லை. இப்போது பாரிஸிலிருந்து பிரஸ்ஸல்ஸ் போகும் வழியில் லக்சம்பர்க்கைச் சேர்த்திருக்கிறீர்கள். நேர்வழி 310 கிலோமீட்டர் அளவில் இருந்தது, சுற்றுவழியில் ஏறத்தாழ 270 கிலோமீட்டர் கூடுகிறது. அந்த நேரம் எதிலிருந்து வெட்டப்படும் என்பதை உங்கள் தாள் சொல்லவில்லை. கடிகாரக் கடையிலிருந்து இருக்காது என்பது என் ஊகம்.

எழுதலாமா என்று தயங்கிய ஒன்றையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் குழுவில் இருந்த பெண்கள் யாரும் உங்களிடம் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் கொலோனிலிருந்து ரைன் அருவிக்குப் போகும் நெடும் பயணத்தில், ஜெர்மன் நெடுஞ்சாலையோரம் 20 நிமிடம் பேருந்து நின்றது. கழிப்பறைக்கு முன்னால் சுழல் கதவு. ஆளுக்கு ஒரு யூரோ. எங்களிடம் இருந்தவை சென்னையில் மாற்றிக் கொடுத்த 50 யூரோத் தாள்கள். சில்லறைக்காகக் கடையில் ஏதாவது வாங்க ஒரு வரிசை, பிறகு கழிப்பறைக்கு ஒரு வரிசை. எனக்கு முன்னால் நின்ற அம்மாள் ஒருவர் சுருக்குப் பையைத் திறந்து ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்து, அந்தத் துளைக்குள் போட்டால் போகுமா என்று என்னைக் கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பேருந்து கிளம்பும் நேரம் வந்தபோது அவரும் இன்னும் இருவரும் உள்ளே போகாமலே திரும்பி ஏறினார்கள். அதன் பிறகு மூவரும் பயண நாட்களில் காலையில் காப்பியோடு சரி, தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். ஒருவர் நீரிழிவு உள்ளவர். ரோமில் அவருக்குச் சிறுநீர்த் தொற்றும் காய்ச்சலும் வந்தன. ஆளுக்கு மூன்றரை லட்சத்தை நெருங்கும் தொகையை வாங்குகிறவர்கள் ஒரு யூரோ நாணயத்தில் சிக்கனம் பார்த்ததன் விளைவு அது.

என் கணவருக்கு இதயத்தில் இரண்டு ஸ்டென்ட் உண்டு. சைவமா, அசைவமா, ஜைன உணவா, வெங்காயம் பூண்டு வேண்டுமா என்று கேட்ட உங்கள் படிவம், இதயக் கோளாறு உண்டா என்று கேட்கவில்லை. சுவிட்சர்லாந்தின் டிட்லிஸ் மலையில் கம்பி வண்டி போய் நிற்கும் இடம் 3,020 மீட்டர் உயரம் என்பது அடிவாரத்து ஊரான எங்கெல்பெர்க்கில் அறிவிப்புப் பலகையைப் பார்த்த பிறகே எங்களுக்குத் தெரியும். அவர் பாதி வழியில் உள்ள ட்ரூப்சே நிலையத்தில் இறங்கி மூன்று மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தார். முன்பே சொல்லியிருந்தால் மருத்துவரைக் கேட்டு வந்திருப்போம். கேட்டுக்கொண்டு ஒருவேளை ஏறியும் இருப்பார். வெனிஸில் படகு இறக்கிவிட்ட இடத்துக்கும் சான் மார்கோ சதுக்கத்துக்கும் இடையில் படிக்கட்டு வைத்த பாலங்களே வழி. 400க்கும் மேற்பட்ட பாலங்கள் உள்ள ஊரில் அப்படித்தான் இருக்கும், அது வெனிஸின் குற்றமில்லை. முழங்கால் வலியோடு வந்த 71 வயதுப் பெண்மணி படகுத்துறை இருக்கையிலேயே அமர்ந்துவிட்டார். சதுக்கத்தை அவருடைய மகன் செல்பேசியில் எடுத்து வந்து காட்டினார்.

தங்கிய இடங்களைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்: "பாரிஸில் தங்கல்" என்று இருந்தது விமான நிலையத்தின் அருகில், "வெனிஸில் தங்கல்" என்று இருந்தது பாதுவா என்ற வேறு ஊரில், "ரோமில் தங்கல்" என்று இருந்தது நகரைச் சுற்றியுள்ள வட்டச் சாலைக்கும் வெளியே. இரவில் நகரத்தைப் பார்க்கும் ஆசை எங்கள் யாருக்கும் நிறைவேறவில்லை.

ஐரோப்பாவுக்குள் இப்படிப்பட்ட பயணங்களை விற்பவர்களுக்கு 2015/2302 எண் கொண்ட நெறிமுறை ஒன்று இருக்கிறது. தங்குமிடம் எங்கே உள்ளது, கட்டணத்தில் அடங்கிய நுழைவுகள் எவை, குழுவில் தோராயமாக எத்தனை பேர், நடமாடச் சிரமப்படுகிறவர்களுக்கு அந்தப் பயணம் பொருந்துமா என்பதையெல்லாம் ஒப்பந்தத்துக்கு முன்பே வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டும் என்கிறது அது. சென்னையில் விற்கப்படும் பயணத்தை அந்த நெறிமுறை கட்டுப்படுத்தாது என்பதை அறிவேன். ஆனால் நம் நாட்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்றே வரையறுக்கிறது. நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கவும் இடம் தருகிறது. வழக்குக்குப் போவது என் விருப்பமில்லை. உங்களிடம் கேட்பவை இவைதாம்.

முதலாவதாக, புதிய தாளில் உள்ள 11 நாடுகளுக்கு நாட்களைக் கூட்டுங்கள். கூட்ட முடியாதென்றால் லக்சம்பர்க்கையும் சான் மரினோவையும் எடுத்துவிடுங்கள். இதை முன்பதிவு தொடங்குவதற்கு முன்பே செய்ய வேண்டும், பணம் கட்டியவர்களுக்குச் சமாதானம் சொல்லும் கட்டத்தில் செய்வதில் பொருளில்லை.

அடுத்து, 'காண்போம்' என்ற சொல்லை நிரலிலிருந்து நீக்கிவிட்டு, ஒவ்வோர் இடத்துக்கு எதிரிலும் உள்ளேயா, வெளியிலிருந்தா, பேருந்திலிருந்தா என்றும், அங்கே தரையில் நிற்கப்போவது எத்தனை நிமிடம் என்றும், அன்று பேருந்தில் உட்காரப்போவது எத்தனை மணி என்றும் அச்சிடுங்கள். கடைகளுக்கும் அதே போல நிமிடக் கணக்கு வேண்டும். தங்கும் விடுதி எந்த ஊரில், நகர மையத்திலிருந்து எத்தனை கிலோமீட்டரில் என்பதும், மலையின் உயரமும், நடக்க வேண்டிய தூரமும், படிகளும் அதே தாளில் இருக்க வேண்டும். நிபந்தனைகளின் பொடி எழுத்தில் வேண்டாம். ஒவ்வோர் ஊரிலும் எந்த இடம் எந்த நாளில் மூடியிருக்கும் என்பதைப் பார்த்துத் தேதி போடுங்கள்.

பேருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, அரை மணி நேரமாவது நிற்க வேண்டும். கழிப்பறைக் கட்டணத்தைப் பயணக் கட்டணத்தில் சேர்த்து, நாணயங்களை டூர் மேனேஜர் கையில் கொடுத்தனுப்புங்கள். இதற்குக் குழு கூடி ஆலோசிக்க ஒன்றுமில்லை, அடுத்த பயணத்திலேயே செய்யலாம்.

எங்களோடு வந்த 42 பேருக்கும், ஞாயிற்றுக்கிழமையில் வாடிகனை வைத்தது ஏன் என்பதற்கு எழுத்தில் விளக்கம் தாருங்கள். என் கணவரின் டிட்லிஸ் கட்டணத்தையும், ரோமில் காய்ச்சலில் படுத்த அம்மாளின் மருத்துவச் செலவையும் திருப்பிக் கொடுங்கள். அவருடைய ரசீதுகள் என்னிடம் இருக்கின்றன, அவர் சம்மதத்தோடுதான் கேட்கிறேன்.

இந்த மடல் உங்கள் கைக்குக் கிடைத்த 30 நாட்களுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன். என் நோட்டின் 22 பக்கங்களின் நகலையும் உங்கள் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அதில் உள்ள எந்த நேரமாவது தவறு என்றால், பேருந்தின் பதிவோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பயணி ஒருத்தி,
கும்பகோணம்